ராவ்ஜி விலாஸின் மர முகப்பு

தெப்பக்குளத்திலிருந்து பெரிய கடை வீதிப் பக்கம் நடந்தால் இடது கையில் ஒரு குறுகலான தெரு பிரியும். அந்தத் தெருவில் இப்போதெல்லாம் ஒருத்தரும் தரையைப் பார்த்து நடப்பதில்லை. கழுத்தை அண்ணாந்துகொண்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோய், கடைசியில் அவரும் தலையை வெளியே நீட்டி அண்ணாந்து பார்க்கிறார். எல்லாம் ராவ்ஜி விலாஸ் ஹோட்டலின் மர முகப்பைத்தான். பார்க்கட்டும். பார்க்கத்தானே அந்தப் பாடு பட்டேன்.

நான் ஜோதி. கட்டட கான்ட்ராக்டர். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு வாய் நீளம் என்று பேர். இருந்துவிட்டுப் போகட்டும். ஆம்பிளைகளை வைத்து வேலை வாங்குகிற பொம்பளைக்கு வாய் நீளமாக இல்லையென்றால் சைட்டில் செங்கல்கூட மதிக்காது. இந்த ஹோட்டலைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று எழுதுகிறார்கள். அந்த முகப்பு எப்படி வந்தது, எப்படி உடைபட இருந்தது என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ராவ்ஜி விலாஸைக் கட்டியவர் பீமராவ். தஞ்சாவூர் மராத்திக் குடும்பம். வெள்ளைக்காரன் காலத்திலேயே கீழே சாப்பாடு, மாடியில் ரூம் என்று ஆரம்பித்துவிட்டார். ஸ்ரீரங்கம் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள், மலைக்கோட்டை ஏற வருகிறவர்கள், கல்யாண நகை எடுக்க வருகிறவர்கள், பொன்மலை ஒர்க் ஷாப்பில் வேலை கேட்டு வருகிறவர்கள் என்று எல்லாருக்கும் அதுதான் இடம். பெட்டியோடு உள்ளே நுழைகிறவருக்கு முதலில் வெந்நீர், அப்புறம் காபி. பேரும் ஊரும் அதற்கப்புறம்தான் கேட்பார்களாம். மனுஷன் என்றால் அவரல்லவா மனுஷன்!

இன்னொரு வழக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வாசலில் ஒரு கரும்பலகை. அன்றைய சமையலை பீமராவ் முதலில் ருசி பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி அதில் எழுதிப் போட்டுவிடுவார். ‘இன்று ரசம் பிரமாதம். கூட்டு சுமார்.’ இப்படி. கூட்டு சுமார் என்று கடைக்காரரே எழுதி வைத்தால் எவன் வருவான் என்று நீங்கள் கேட்கலாம். வந்தார்கள், கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பிரமாதம் என்று எழுதிய அன்றைக்கு அதை நம்பி வந்தார்கள். அவருக்குப் பிறகு மகன் பாலு எழுதினார். பாலு சார் போன பிறகு அவர் மனைவி அனுசுயா அம்மா எழுதினார். ஹோட்டல் எவ்வளவோ நொடித்துப்போயும் அந்தப் பலகை மட்டும் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

நான் முதன்முதலில் பார்த்தபோது கட்டடம் பரிதாபமாக இருந்தது. யாரோ ஒரு புத்திசாலி முன்பக்கம் முழுக்க அலுமினியத் தகட்டை அடித்து மூடியிருந்தான். மூஞ்சியில் பிளாஸ்திரி ஒட்டின மாதிரி. ஒரு ஜவுளிக்கடைக்காரர் மொத்தத்தையும் வாங்கி இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பத் தயாராக இருந்தார். அனுசுயா அம்மா மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் அவர் மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

பாலு சார் தில்லை நகர் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது மனைவியிடம் ஒன்று சொல்லியிருந்தார். “அந்த மர முகப்பை இன்னொரு தடவை பாக்கணும் போல இருக்கு அனு. சின்ன வயசுல மாடி ரூம்ல படுத்துக்கிட்டே பாப்பேன். வளைவு வளைவா இருக்கும். சாயங்காலம் ஒவ்வொரு வளைவுலயும் ஒரு லைட்டு எரியும்.” அப்புறம் வீடு திரும்பவில்லை. அந்த முகப்பைத் திரும்பக் கொண்டுவராமல் ஓய்வதில்லை என்று அம்மா முடிவுகட்டிவிட்டார்.

முகப்பு எப்படி இருந்தது என்று தெரிய ஒரே ஒரு போட்டோதான் இருந்தது. கல்லாவுக்கு மேலே, பீமராவின் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவு சட்டத்தில் மாட்டியிருந்தார்கள். பீமராவுக்கு மாலை போட்டால் போட்டோவுக்கும் மாலை. அவருக்குச் சந்தனப் பொட்டு வைத்தால் அதற்கும் வைப்பார்கள், நட்ட நடுவில், ஹோட்டல் பேர்ப் பலகை இருக்க வேண்டிய இடத்தில். வெள்ளிக்கிழமைதோறும் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. அதற்காகவே கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். வருஷக்கணக்கில் ஏறி ஏறி அந்தச் சந்தனம் ஒரு தட்டை முறுக்கின் கனத்துக்கு இறுகியிருந்தது.

வரைபடம் போட்டவள் ஸ்ம்ருதி. ஸ்ரீரங்கம் சித்திரை வீதிப் பெண். அப்பா வேதாந்தம் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். பெண் துவாக்குடியில் ஆர்க்கிடெக்ட் படித்தவள், பழைய கட்டடம் என்றால் உயிரை விடுவாள். லென்ஸை வைத்துக்கொண்டு அந்தப் போட்டோவை அவள் அலசியதைப் பார்க்க வேண்டும்.

“மாமி, இந்தச் சந்தனத்தை மட்டும் ஈரத்துணியால துடைச்சா போர்டும் தெரியும். எழுத்து எப்படி செதுக்கியிருந்தான்னு பாத்துக்கலாம்,” என்று அனுசுயா அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

“மாமனார் காலமானப்போ என் மாமியார் வெச்ச சந்தனம் ஸ்ம்ருதி அது. அது மேலதான் நான் வெச்சுக்கிட்டு வரேன். அதைப் போய் துடைக்கிறதாவது! போர்டுல என்ன இருக்கப்போவுது? ராவ்ஜி விலாஸ்னு இருக்கும்.”

எங்கள் மூன்று பேருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போட்டோவின் அடிப்பக்கம் இரும்புக் கம்பிக் கைப்பிடி ஒன்று மங்கலாகக் குறுக்கே ஓடியது. இது என்னக்கா என்று ஸ்ம்ருதி கேட்டாள். “படம் புடிச்சவன் எதிர்ல ஏதாவது மாடியில ஏறி நின்னுருப்பான். அந்த மாடிக் கம்பி,” என்றேன். அதுவும் சரியான பதில்தான். எந்த மாடி என்று மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை.

வேலை ஆரம்பித்தோம். அலுமினியத் தகட்டை உரித்ததும் உள்ளே இருந்த சுவரைப் பார்த்து நான் அசந்துபோனேன். சுண்ணாம்பும் முட்டையும் அரைத்துப் பூசிய பூச்சு. இத்தனை வருஷம் மூடி வைத்தும் கையை வைத்தால் வழுக்குகிறது. மாடிப்படி முழுக்க பர்மா தேக்கு. உத்தரத்துக்குப் பழைய தண்டவாளத்தைப் போட்டிருந்தார்கள். அதைத் தட்டிப் பார்த்தபோது எங்கள் அப்பா ஒர்க் ஷாப்பில் இரும்பைத் தட்டிக் காட்டுவது ஞாபகம் வந்தது. எவ்வளவு அக்கறையாகக் கட்டியிருக்கிறார் அந்த பீமராவ்!

மர முகப்பை என் பட்டறையில் வைத்துத் தச்சு மேஸ்திரி பிச்சமுத்து செய்தார். வளைவுகள், வளைவுக்குள் கொடி, கொடியில் பூ. ஒவ்வொரு பூவாக இழைத்து, கடைந்து, எண்ணெய் காட்டி எடுத்தார். அவர் வேலை செய்யும்போது நான்கூட வாயைத் திறக்கமாட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை வலைக்குப் பின்னால் சாரத்தில் ஏற்றி, துண்டு துண்டாகப் பொருத்தினோம். நடுவில் ‘ராவ்ஜி விலாஸ்’ என்ற பலகை. என் கையில் இதுவரை வந்த வேலைகளில் இதுதான் உசத்தி. இனிமேல் வந்தாலும் இதுதான் உசத்தி.

திறப்பு விழாவுக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. ‘எங்கள் மாமனார் கட்டிய அதே முகப்புடன்’ என்று அம்மா தன் கையால் எழுதிக் கொடுத்த வாசகம். விழாவுக்கு முந்தின வாரம் ஒரு காலை நேரத்தில் வலையை இறக்கினோம்.

எதிரே செல்போன் கடைகள் நிறைந்த காம்ப்ளக்ஸில் மன்சூர் பாய் சூட்கேஸ் கடை வைத்திருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். வேலை நடந்த காலம் முழுக்க, உங்க தூசியெல்லாம் என் பெட்டி மேலதான் என்று தினமும் என்னோடு மல்லுக்கு நின்றவர். அன்றைக்கு ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே விட்டுவிட்டு நடுத்தெருவுக்கு வந்து நின்றார். கையில் பெட்டியை எடுத்து இறக்குகிற கொக்கிக் கம்பு. இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. ஆள் அசையவில்லை.

தூசிப் பஞ்சாயத்துதான் என்று நினைத்து நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். “என்ன பாய், இன்னிக்கு என்ன?”

“இதை யார்கிட்ட கேட்டு வெச்சீங்க?”

“யார்கிட்ட கேக்கணும்? உங்ககிட்ட வந்து பர்மிஷன் வாங்கணுமா?”

“எங்க அத்தாகிட்ட கேட்டிருக்கணும்,” என்றார், தன் அப்பாவைச் சொல்லி. அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. “இது எங்க வீடு ஜோதி மேடம். நான் பொறந்த வீடு. இந்தா, இந்த காம்ப்ளக்ஸ் இருக்கிற இடத்துல இருந்துச்சு. ஹிலால் மன்சில்னு பேரு. எங்களுதும் லாட்ஜுதான்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “சும்மா எதையாவது சொல்லாதீங்க. போட்டோ இருக்கு எங்ககிட்ட. அந்தம்மா வீட்டுல மாலை போட்டுக் கும்புடுற போட்டோ.”

“அந்த போட்டோவைக் காட்டுங்க,” என்றார்.

உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அனுசுயா அம்மா கல்லாவில் இருந்தார். ஸ்ம்ருதியும் இருந்தாள். மன்சூர் பாய் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“அம்மா, தப்பா நெனைக்காதீங்க. அந்தச் சந்தனத்துக்குக் கீழ ஹிலால் மன்சில்னு இருக்கும். தமிழ்ல மேல, உருதுல கீழ. இல்லேன்னா நான் உங்க கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டுட்டுப் போறேன்.”

எல்லாரும் அனுசுயா அம்மாவைப் பார்த்தோம். துடைக்கச் சொல்லமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். சொல்லவுமில்லை. அவரே எழுந்து படத்தை இறக்கி, டம்ளர் தண்ணீரில் முந்தானை நுனியை நனைத்து, குழந்தைக்குக் கண் துடைப்பது மாதிரி துடைத்தார். சந்தனம் கரையக் கரைய எழுத்து வந்தது. முதலில் ‘மன்’. பிறகு ‘சில்’. ஸ்ம்ருதி, “பெருமாளே!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மன்சூர் பாய் போட்டோவின் அடியில் ஓடிய இரும்புக் கம்பியில் விரலை வைத்தார். “இதாம்மா உங்க ஹோட்டல். வெறும் கம்பிதான் போட்டிருந்தாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். அன்று கடையைத் திறக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. அலுமினியத்தை உரித்தபோது சுவரில் அறுத்துவிட்ட இரும்பு முளைகள் இருந்தன. மரத்தைத் தாங்கிய இரும்பு என்று நினைத்தேன். அது அந்தக் கம்பிக் கைப்பிடியின் மிச்சம். பாலு சார் ‘படுத்துக்கிட்டே பாப்பேன்’ என்று சொன்னாரே, அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்த்தேன். தன் ஹோட்டலின் முகப்பைத் தன் ஹோட்டலுக்குள் படுத்துக்கொண்டு எவன் பார்க்க முடியும்? இதுகூட எங்களுக்குத் தோன்றவில்லையே!

அனுசுயா அம்மா வெளியே போய் முகப்பை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

“உடைச்சிடு ஜோதி.”

“எதைம்மா?”

“எல்லாத்தையும். வெறும் கம்பியைப் போட்டுடு. விழாவைத் தள்ளி வெச்சுக்கலாம்.”

“அம்மா, உங்களுக்கு என்ன பைத்தியமா? ஊர்ல யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமே,” என்றார். “கூட்டு சுமாரா இருந்தா சுமார்னு எழுதி வெச்ச மனுஷனோட ஹோட்டல் இது. அதுக்கு அடுத்த வீட்டுச் சட்டையைப் போட்டு, இதுதான் எங்க மாமனார் தெச்சதுன்னு சொல்லச் சொல்றியா? என் வீட்டுக்காரர் கேட்டார்னு நான் பண்ணினேன். அவர் கேட்டது நம்ம முகப்பே இல்ல. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, அவர் எதைச் சொன்னார்னுகூட எனக்குப் புரியலை.” குரல் அப்போதுதான் உடைந்தது.

ஸ்ம்ருதி, தப்பு என்னோடது மாமி, என்னோடது மாமி என்று அழுதாள். பிச்சமுத்து தன் உளிகளை எல்லாம் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, “உடைக்கிறதுக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க மேடம்,” என்று கிளம்பிவிட்டார். எனக்கு அழக்கூடத் தெரியவில்லை. பொய்யோ மெய்யோ, திருச்சியில் இவ்வளவு அழகாக ஒரு முகப்பு இப்போது இல்லை. அதை நானே கடப்பாரை வைத்துப் பிரிக்க வேண்டுமாம்!

மறுநாள் காலையில் நேராக மன்சூர் பாய் கடைக்குப் போனேன். அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாப் பக்கம்கூடத் திரும்பவில்லை.

“சந்தோஷமா பாய்? நல்லா இருங்க. அந்தம்மா உடைக்கச் சொல்லிட்டாங்க. இன்னும் ரெண்டு நாள்தான், நல்லாப் பாத்துக்கங்க. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?”

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்த வேகத்தில் இரண்டு சூட்கேஸ் சரிந்தது. “உடைக்கப் போறாங்களா? ஏன்? நான் உடைக்கச் சொன்னேனா? யா அல்லாஹ், நான் எங்கயாவது உடைக்கச் சொன்னேனா?”

“உங்க வீடுன்னு சொன்னீங்கல்ல?”

“ஆமா சொன்னேன். சந்தோஷத்துல சொன்னேன்ம்மா!”

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பாதியில் எழுந்து, “இதை என்கிட்ட சொல்லாதீங்க பாய், அங்க சொல்லுங்க,” என்று எதிர்ப்பக்கம் போய் அனுசுயா அம்மாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன். வரமாட்டேன் என்றவரிடம், “கான்ட்ராக்டரா கேக்கலை, ஜோதியா கேக்குறேன், வாங்க,” என்றேன். வந்தார்.

மன்சூர் பாய் தன் ஸ்டூலைத் துடைத்து அவருக்குப் போட்டார். தான் ஒரு பெரிய சூட்கேஸின் மேல் உட்கார்ந்தார்.

“உங்க மாமனாரும் எங்க அத்தாவும் தொழில்ல போட்டிக்காரங்கம்மா. பஸ் ஸ்டாண்டுல ஆள் பிடிக்கிறதுல சண்டையே வரும். ஆனா ஒண்ணு. காலையில குளிச்சதும் ராவ்ஜி உங்க மாடிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. எங்க முகப்பை இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் பாப்பாரு. அப்புறம்தான் கீழ இறங்கி அடுப்பங்கரைக்குப் போவாரு. எங்கயாவது ஒரு பூ கழண்டிருந்தா, ஒரு பல்பு எரியலைன்னா, கீழ இறங்கின உடனே ஆள் அனுப்பிடுவாரு. ‘பாய்கிட்ட சொல்லு, மூணாவது வளைவுல பூ கழண்டிருக்கு.’ எங்க அத்தாவுக்கு அப்பதான் தெரியும். உள்ள இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அத்தா சிரிப்பாங்க. ‘கட்டினது நானு, பாக்குறது ராவு’ம்பாங்க.”

அனுசுயா அம்மா எதிரே பார்த்தபடி இருந்தார்.

“தெருவை அகலப்படுத்தணும்னு நோட்டீஸ் வந்துச்சு. முகப்பை எடுத்தாகணும். எங்க அத்தா மனசைத் தேத்திக்கிட்டாங்க. உங்க மாமனாருக்குத்தான் தாங்கலை. போட்டோக்காரரைக் கூட்டியாந்து, உங்க மாடியில நிக்க வெச்சு, அந்தப் படத்தை எடுத்தது அவருதான். ‘உனக்கு என்னய்யா, நீ உள்ள இருக்கிறவன். தினம் பாக்குறவன் நான்தானே’ன்னு எங்க அத்தாகிட்ட சண்டைக்கு வந்தாரு. நான் பக்கத்துல நின்னேன். படத்தை எங்க மாட்டினாருன்னு மட்டும் எங்களுக்குத் தெரியாது. கல்லாவுக்கு மேலயா? மாலை போட்டா?” அவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “போட்டிக்காரன் வீட்டை எவன்மா சாமி படத்தோட மாட்டுவான்?”

அனுசுயா அம்மா அப்போது அழுதுவிட்டார். பாலு சாருக்கு அன்றைக்கு நாலைந்து வயது இருந்திருக்கும். அப்பாவோடு மாடி ரூமில் படுத்துக்கொண்டு, எதிரே வளைவுகளில் விளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறார். அவர் நினைவு சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவர் கேட்டதைத்தான் இவரும் செய்திருக்கிறார். தெருவுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

“அப்ப உங்களுக்கு என்ன தெரிஞ்சுது உங்க ஜன்னல்லேர்ந்து?” என்று நான் பாயைக் கேட்டேன். அழுகையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

“எங்களுக்கா? உங்க கம்பியில லாட்ஜுக்காரங்க காயப்போட்ட வேட்டியும் கோமணமும்தான்,” என்றார். அனுசுயா அம்மா அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டார்.

பிறகு மன்சூர் பாய் எழுந்து நின்றார். இரண்டு கையையும் கூப்பினார். “அம்மா, நாங்க அதுக்குள்ள குடியிருந்தோம். எங்க அத்தா, அம்மா, நாங்க யாரும் எங்க வீட்டை இந்த மாதிரி உக்காந்து கண்ணாரப் பாத்ததில்ல. பாத்தது பூரா உங்க வீட்டு ஆளுங்க. ரெண்டு நாளாதான் நான் பாக்குறேன். உடைக்காதீங்க. கொஞ்ச நாள் நாங்களும் பாத்துக்குறோம்.”

அனுசுயா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “பேரு?” என்று கேட்டார். “நடுவுல எங்க பேர் இருக்கே.”

“இருக்கட்டும். கட்டினது நீங்க. பேரு உங்களுது இருக்கிறதுதான் நியாயம்.”

“ஆனா நான் உள்ளதைச் சொல்லிடுவேன் பாய்.”

“சொல்லுங்க. அதுக்குத்தானே உங்களுக்குப் பலகை இருக்கு.”

விழாவைத் தள்ளி வைக்கவில்லை. அன்று காலை ஸ்ம்ருதியின் அப்பா வேதாந்தம் சுவாமி வந்து வாசலில் நின்று பாசுரம் சேவித்தார். பிச்சமுத்து புது வேட்டி கட்டிக்கொண்டு, முகப்பு தன்னுடையது மாதிரி ஒவ்வொருத்தருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லாரும் உள்ளே நுழையும் முன்பு கரும்பலகையின் முன்னால் நின்றார்கள். அனுசுயா அம்மாவின் உருண்டை எழுத்து:

‘இந்த முகப்பு எங்களுடையது அல்ல. எதிரே இருந்த ஹிலால் மன்சிலுடையது. எங்கள் மாமனார் தினமும் பார்த்து ரசித்தது. பத்திரிகையில் தவறாக எழுதிவிட்டேன். இன்று கேசரி பிரமாதம். தேங்காய்ச் சட்னி சுமார்.’

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதைப் படித்தார். அவ்வளவு துணிச்சல் எனக்கு வராது. கட்டடத்தைத் தூக்கி நிறுத்தியது நானாக இருக்கலாம். அந்த ஹோட்டலைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பலகைதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

போட்டோ மறுபடி பீமராவுக்குப் பக்கத்திலேயே மாட்டப்பட்டிருக்கிறது. மாலை உண்டு, சந்தனமும் உண்டு. ஆனால் இப்போது சட்டத்தின் மூலையில்தான் வைக்கிறார்கள். ஹிலால் மன்சில் என்ற எழுத்து பளிச்சென்று தெரிகிறது. மன்சூர் பாய் தன் கடைக் கல்லா மேஜையைத் திருப்பிப் போட்டுவிட்டார். முன்பெல்லாம் வாடிக்கையாளர் முகம் பார்த்து உட்கார்ந்திருந்தவர் இப்போது தெருவைப் பார்த்து உட்காருகிறார். வியாபாரம் குறையாதா என்று கேட்டேன். குறையட்டும் என்றார்.

போன வாரம் தில்லை நகரில் ஒரு கிளினிக் வேலையில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், நல்ல கோபம். போன் வந்தது.

“ஜோதி மேடம், மன்சூர் பேசுறேன். அஞ்சாவது வளைவுல ஒரு பூ கழண்டு தொங்குது. ஆளை அனுப்புங்க.”

“பாய், நான் கான்கிரீட்ல நிக்குறேன். ஹோட்டல் அந்தம்மாவுது. அவங்கல்ல என்கிட்ட சொல்லணும்? நீங்க ஏன் சொல்றீங்க?”

“அவங்க உள்ள இருக்காங்கம்மா,” என்றார் மன்சூர் பாய். “அவங்களுக்கு எப்படித் தெரியும்? பாக்குறவன் நான்தானே.”

பிச்சமுத்துவைக் கூட்டிக்கொண்டு, ஏணியோடு கிளம்பினேன்.